தீ அணைந்த சரிவு

"டீ கேனை அந்தக் கல்லு மேல வெச்சிருங்கக்கா" என்றான் சிவபிரகாஷ்.

அந்த அம்மாள் வெறுங்கையோடு நின்றாள். டீ கொண்டு வரவில்லையாம். நடக்கத்தான் வந்தாளாம்.

பட்டியலைப் பார்த்தான். கடைசிப் பெயர், உண்ணாமலை.

கொல்லிமலை அடிவாரக் காட்டில் மாதம் ஒரு ஞாயிறு அவன் நடத்தும் இயற்கை நடைக்கு நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும்தான் ஆட்கள் வருவார்கள். காட்டை ஒட்டிய ஊரிலிருந்து ஒருவர் வருவது இதுவே முதல் முறை. கூச்சமாகப் போய்விட்டது. மன்னிப்புக் கேட்டான்.

இருபது பேர் வரிசையாக ஏறினார்கள். பள்ளியில் வேதியியல் நடத்துகிறவன் அவன். காட்டுக்குள் வந்தால் குரலே மாறிவிடும். உசிலை மரத்தைக் காட்டினான். வெப்பாலை இலையைக் கிள்ளிப் பால் வடிவதைக் காட்டினான். மாங்குயில் ஒன்று மஞ்சளாகக் கடந்தபோது எல்லார் கழுத்தும் ஒரே பக்கம் திரும்பியது.

உண்ணாமலை எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை. ரப்பர் செருப்போடு பின்னால் வந்துகொண்டிருந்தாள். அவளுக்கு மட்டும் மூச்சு வாங்கவில்லை.

ஒரு மணி நேரத்தில் அந்தச் சரிவு வந்தது. போன மாசியில் எரிந்த இடம்.

வழக்கம்போல் அங்கே நிறுத்தினான். கருகிய அடிமரத்தில் வெடித்திருந்த துளிரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னான். இரண்டு நாள் எரிந்த தீயை ஊர்க்காரர்களே பச்சைத் தழையால் அடித்து அணைத்ததைச் சொன்னான்.

"நல்லவேளை, ஒரு உசுருகூடப் போகலைங்க" என்று முடித்தான். எட்டு மாதமாக இப்படித்தான் முடிக்கிறான்.

யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள்.

கூட்டம் மேலே நகர்ந்தது. உண்ணாமலை நகரவில்லை.

"ஊர்க்காரங்க எந்தப் பக்கம் நின்னு அடிச்சாங்கன்னு தெரியுங்களா சாமி?"

ஓடை வளையும் இடத்தைக் காட்டினான். அவள் இறங்கிப் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவே இல்லை.

எதையாவது தொலைத்துவிட்டாளோ என்று நினைத்து அருகில் போனான்.

"எங்கூட்டுக்காரரு இங்கதானுங்க நின்னாரு" என்றாள். "பதினோரு நாளு ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அப்பறந்தான் போய்ச் சேந்தாரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மேலே போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து கரையில் நின்றார்கள்.

"அவரு பேரு என்னங்கக்கா? இனி இங்க வாரப்பல்லாம் சொல்லோணும்" என்றான் சிவபிரகாஷ்.

கட்டிய நாளிலிருந்து புருஷன் பெயரைத் தன் வாயால் சொன்னதில்லை என்றாள். ஆஸ்பத்திரியில் கேட்டபோதுகூட மகள்தான் சொன்னாளாம்.

பரவாயில்லை என்று சொல்ல அவன் வாயெடுத்தான்.

அவள் எழுந்தாள். முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டாள். புதிதாகப் பேசப் பழகும் பிள்ளையைப் போல உதடுகள் இரண்டு முறை அசைந்து, சத்தமில்லாமல் நின்றன.

மூன்றாம் முறை வந்தது.

"செங்கோடனுங்க."