ஏழாம் அத்தியாயம்

யானைக்குட்டிக் கதைப் புத்தகம் மரகதத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது, அவள் ஆறாம் அத்தியாயத்தை மகளுக்கு வாசித்து முடித்து, தன் கொண்டை ஊசியை அடையாளமாகச் செருகி வைத்த மாலையில்தான். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

இப்போது அவள் கணவன், வாசித்துக்காட்ட ஒரு புத்தகம் தேடி, மகளோடு அலமாரி முன் நின்றான்.

“அண்ணே, கொஞ்சம் முன்னால வந்து என்னை மறைச்சுக்குங்க,” என்று பக்கத்திலிருந்த தடித்த அகராதியிடம் கெஞ்சியது புத்தகம்.

“என்னை ஒருத்தரும் எடுக்கலையேன்னு நான் ஏங்குறேன். உனக்கு என்னடா நடுக்கம்?”

“ஏழாம் அத்தியாயத்துல தாய் யானை செத்துடும்ணே. அந்தப் பிள்ளைகிட்ட அதை எப்படிச் சொல்லுவேன்?”

அகராதி நகரப் பார்த்தது. அதற்குள் மகள், “அம்மா படிச்சது!” என்று புத்தகத்தை உருவிவிட்டாள்.

அப்பா ஏழாம் அத்தியாயத்தில் கண்ணை ஓட்டினான். முகம் வெளிறியது. சத்தமில்லாமல் பக்கங்களைத் தள்ளிவிட்டு எட்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினான். புத்தகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“குட்டி தனியாக ஆற்றைக் கடந்தது…”

“தனியாவா? அதோட அம்மா எங்கப்பா?”

புத்தகம் மூச்சை அடக்கிக்கொண்டது. அவன், கொண்டை ஊசி இருந்த பக்கத்துக்கே திரும்பிப் போனான்.

வாசிக்க இன்னும் ஒன்பது அத்தியாயங்கள் மீதி இருந்தன.