மூடக்கூடாத பெட்டி

"யோவ் கிராணி, பெட்டிய மறைச்சுப் பலகை அடிக்க யாருய்யா சொன்னது?"

முருகையா கடப்பாரையைத் தரையில் ஊன்றிக் கத்தினார். மலாயாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டம், ஆபீசின் பின்னறை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அமிர்தலிங்கம் புதுப் பலகைச் சுவரில் முதுகை ஒட்டி நின்றார்.

"செவுரு ஈரம். அதான் அடிச்சேன்."

"பங்களாவுக்குப் போற ஒயரெல்லாம் சேருற பெட்டி அங்கதான் இருக்கு. எப்பவும் கை எட்டுறாப்புல இருக்கணும்லா! உள்ள எலியோ என்னமோ ஒயர இழுத்துருச்சு. பொழுது சாயிறதுக்குள்ள ஜப்பான்காரனுக்கு வெளக்கு எரியலேன்னா என் தலை போவும்!"

"வேற வழியா ஒயர் இழு. பலகையில கை வைக்காத."

இருபது வருஷ வயர்மேனுக்கே பாடம்! ஆனால் முருகையாவின் வயிற்றெரிச்சல் ஒயருக்காக மட்டுமில்லை. போனவர் திரும்பாத சயாம் ரயில் பாதை வேலைக்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்த பட்டியலில் அவருடைய ஒரே மகன் சந்திரன் பெயரை எழுதியவர் இந்தக் கிராணிதான்.

மூன்று வாரத்துக்கு முன் லாரி கிளம்பியபோது முருகையா எஞ்சின் கொட்டகையில் மாட்டிக்கொண்டார். மூச்சிரைக்க ஓடி வந்தவரிடம், "ஏறிப் போயிட்டான்" என்றார் கிராணி. மறுநாளே பலகை வாங்கிச் சுவர் அடிக்க மனசு வந்திருக்கிறது, பாவிக்கு!

"மெதுவா பேசு முருகையா. ஊரறிஞ்ச ஓட்ட வாய் ஒனக்கு."

கிராணியின் கண் வாசலுக்குப் போனது. அங்கே கூலியாட்களை மேய்க்கும் மண்டோர் மணியம் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். ஜப்பான்காரனிடம் கோள் சொல்லியே வயிறு வளர்ப்பவன்.

முருகையாவுக்கு அது போதும். ஒழிந்தான் கிராணி!

"மண்டோரே, உள்ள வாங்க! கிராணி வேலை செய்ய விடமாட்டேங்கிறாரு. நீங்களே பாத்து மேல சொல்லுங்க!"

"வேணாம் முருகையா... ஒன் கால்ல விழறேன்." கிராணி கையெடுத்துக் கும்பிட்டார்.

பட்டியல் எழுதிய அன்று முருகையாவும் இப்படித்தான் கும்பிட்டார். யார் கேட்டார்கள்? கிராணியை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, கடப்பாரையைப் பலகைச் சந்தில் கொடுத்து நெம்பினார்.

மண்டோரின் செருப்புச் சத்தம் அறைக்குள் வந்தது. பலகை நாலு விரல் அகலத்துக்கு விலகியது. உள்ளிருட்டிலிருந்து ஒரு கை நீண்டு, பலகையின் விளிம்பைப் பிடித்து உள்பக்கமாக இழுத்தது.

"அப்பா, மூடுங்க!"