முதலில் புறங்கை

தமயந்தி எதையும் முதலில் புறங்கையால்தான் தொடுவாள். ஃபிரிட்ஜ், குழாய், கதவின் கைப்பிடி, எதுவானாலும் அப்படித்தான். ஒரு கணம் பொறுத்துதான் உள்ளங்கை திரும்பும். ஏன் என்று அவளுக்கே தெரியாது. எங்காவது கரண்ட் கசிகிறதோ என்று அவள் வரவழைத்த எலக்ட்ரீஷியன் வீடு முழுக்கச் சோதித்தார். "எங்கயும் லீக் இல்லம்மா. ஆனா நாங்களும் இப்படித்தான் தொட்டுப் பாப்போம். உள்ளங்கைன்னா கரண்ட் புடிச்சுக்கும், விடாது. உங்களுக்கு எப்ப ஷாக் அடிச்சுது?" அடித்ததாக அவளுக்கு நினைவே இல்லை. சின்ன வயதில் ஏதாவது நடந்ததா என்று அம்மாவிடம் ஃபோனில் கேட்டாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லடி, இப்ப எதுக்கு?" என்று அம்மா ஃபோனை வைத்துவிட்டாள். சாயங்காலம் கணவன் தனசேகர் வந்து நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தாதவன். காபியோடு வந்தவள் அவனை எழுப்பக் கை நீட்டினாள். "காய்ச்சல்லாம் ஒண்ணும் இல்ல," என்று அவன் கண்ணைத் திறக்காமலே சிரித்தான். அப்போதுதான் அவள் பார்த்தாள். அவன் கழுத்தோரம் பட்டிருந்தது அவளுடைய புறங்கை. அவசரமாக அதைத் திருப்பப் பார்த்தாள். அது திரும்பவில்லை.