பிராண்ட்லியின் முதல் ஞானஸ்நானம்

அமெரிக்காவிலிருந்து மார்மன் சபை ஊழியத்துக்காகக் கானா நாட்டின் குமாசி நகருக்கு வந்த பிராண்ட்லியும் சக ஊழியன் ஒகெல்லோவும் நான்கு வாரமாக அஃபியா அம்மா வீட்டுக்குப் போய்வந்தார்கள். அவர் மரவள்ளிக் களியான ஃபூஃபூ கொடுப்பார். அவர்கள் நடத்தும் ஒவ்வொரு சபைப் பாடத்தையும் குறுக்கே பேசாமல் கேட்பார்.

தான் கொடுக்கப்போகும் முதல் ஞானஸ்நானம் இவருக்குத்தான் என்று வீட்டுக்கு எழுதிவிட்டான் பிராண்ட்லி. ஒரு நாள் பாடத்தின் நடுவே துணிந்து கேட்டான். "ஞானஸ்நானம் எடுத்துக்கறீங்களாம்மா?"

"எனக்கா? வடக்கே தமாலே ஊர்ல இருந்தப்பவே எடுத்தாச்சு தம்பி. உங்க சபைதான்."

"அப்புறம் ஏம்மா இத்தனை நாள் கேட்டீங்க?"

"என் மகனும் பின்லாந்துல இதே வேலைதான் பண்றான். அங்க ஒருத்தரும் உக்காரச் சொல்றதில்லையாம். பாதியில கதவைச் சாத்திடறாங்களாம். உங்களையாவது ஒருத்தர் முழுசா பேச விடணும்னு தோணுச்சு."

பிராண்ட்லி மெதுவாகப் பாடப் புத்தகத்தை மூடினான்.

"மூடாதே தம்பி. இன்னும் ஒரு பாடம் பாக்கி இருக்கு."