பேணாட்டின் கையெழுத்து

கடிதங்களைத் தரமாட்டேன் என்று ஆதிலா சொல்லியனுப்பியதும் பிரகலாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நேராக உள்துறைமுக வீதியில் அவள் வேலை செய்யும் மருந்துக்கடைக்கே போய்விட்டார்.

"பிள்ளை, பேணாட் உமக்கு மட்டும் சொந்தமான ஆளில்லை."

நோர்வேயில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, போன மாதம் அங்கேயே கண்மூடிய எழுத்தாளர் பேணாட். சொந்த ஊரான திருகோணமலையில் அவருக்கு நினைவுமலர் போடுகிறார்கள். தொகுப்பது பிரகலாதன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அடுத்தவர் எழுத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றமாட்டார் என்று பேரெடுத்தவர்.

பேணாட் யாருக்கும் கடிதம் எழுதாத மனுசன். கிண்ணியாவிலிருந்து கவிதை எழுதும் இந்த ஆதிலாவுக்கு மட்டும் கைப்பட எழுதியிருக்கிறார்.

அஞ்சலிக் கூட்டத்தில் அவள் ஒரு கடிதத்தை வாசித்தபோது மண்டபமே மூச்சடங்கிப் போனது. "இராசமலர் அக்கா இல்லாவிட்டால் நான் இல்லை. அதை அவவுக்கு எழுத வெட்கப்பட்டே இத்தனை வருடம் எழுதாமல் இருந்துவிட்டேன்" என்ற இடம் வந்ததும் எல்லாத் தலைகளும் கடைசி வரிசைக்குத் திரும்பின.

பேணாட்டின் அக்கா அங்கே சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கருவாடு விற்றுத் தம்பியைப் படிக்கவைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர். அதன்பிறகு தம்பியிடமிருந்து ஒரு வரி கண்டதில்லை.

"அந்தக் கடிதத்தை அவற்ற கையெழுத்தோட அப்படியே படமெடுத்துப் போடவேணும். மற்றதுகளையும்" என்றார் பிரகலாதன்.

"ஏலாது சேர்."

"உலகத்தில இருக்கிற தமிழாக்களெல்லாம் பாக்கவேண்டியதை அலுமாரிக்குள்ள பூட்டி வைக்கிறீர். இது சுயநலம் பிள்ளை."

ஆதிலாவின் முகம் சுருங்கியது. கைப்பையைத் திறந்து ஒரு கடிதக் கட்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"நீங்க வருவீங்க எண்டு தெரியும். மேலால இருக்கிறதுதான் கூட்டத்தில வாசிச்சது. எல்லாத்தையும் வாசிச்சிட்டு நீங்களே சொல்லுங்க."

பிரகலாதன் துறைமுகப் பக்கமாக நடந்துபோய் ஒரு மரநிழலில் உட்கார்ந்தார். அடியில் இருந்த பழைய கடிதத்திலிருந்து தொடங்கினார்.

முதல் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நீல மையில் அடித்தல் திருத்தல் இல்லாத எழுத்து. குடாவில் தண்ணீர் நிறம் மாறும் நேரத்துக்கு ஆதிலா போட்ட ஒரேயொரு சொல்லைப் பற்றி மட்டும் நாலு பக்கம். தமிழை இப்படியும் ஒருத்தர் தொட்டுப் பார்க்க முடியுமா என்று அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

இன்னொன்றில் இப்படி இருந்தது: "என் ஆயுள் முழுக்கத் தேடிய வரியை நீங்கள் எழுதிவிட்டீர்கள். இனி நான் உங்கள் வாசகன்."

பிரகலாதன் திகைத்துப்போனார். பேணாட் வாயால் இப்படி ஒரு சொல் கிடைத்தால் யார்தான் ஒளித்து வைப்பார்கள்?

கடைசியாகக் கூட்டத்தில் வாசித்த கடிதத்தை எடுத்தார். வாசித்தார். திரும்பவும் வாசித்தார். மற்றக் கடிதங்களையும் புரட்டிப் பார்த்தார்.

இராசமலர் என்ற பெயர் எதிலுமே இல்லை.

கூட்டத்தில் வாசித்த அதே கடிதத்தின் முடிவில், "ஊரில் எனக்கென்று யாரும் இல்லை" என்று மட்டும் இருந்தது.

மருந்துக்கடைக்குத் திரும்பி வந்தவரின் நடையில் பழைய வேகம் இல்லை.

"அப்ப அந்த வரி..."

"அந்த இடத்துக்கு வரக்குள்ளதான் அவவக் கண்டன் சேர். கடைசி வரிசையில என்ட வாயையே பாத்துக்கொண்டிருந்தா. இருந்தத வாசிக்க ஏலாமப் போச்சு. வாயில வந்தத சொல்லிட்டன்."

"இதுகள் வெளியில வந்தால் உம்மட பேர் எங்கேயோ போயிருக்கும் பிள்ளை."

"மத்ததுகள மட்டும் போட்டா அந்தக் கடிதத்தையும் கேப்பாங்க. அவ இப்பதான் தலை நிமிந்து கோயிலுக்குப் போறா சேர்."

பிரகலாதன் கடிதக் கட்டை இரண்டு கையாலும் பிடித்து அவளிடமே திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மலர்க்குழு கூடியது. ஒரு மூலைக் கதிரையில் இராசமலரும் வந்து உட்கார்ந்திருந்தார்.

"கடிதங்கள் இனி இல்லை" என்றார் பிரகலாதன். "ஆதிலா தந்தவ. மோட்டார் சைக்கிளில கொண்டு வரேக்க மழை பிடிச்சிட்டுது. எல்லாம் ஊறி மை கலைஞ்சு போச்சு. என்ர பிழைதான்."

குழுவிலிருந்தவர்கள் கொதித்துப்போனார்கள். இவ்வளவு கவனமான மனுசன் என்று நம்பித்தானே பொறுப்பைக் கொடுத்தோம் என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். பிரகலாதன் தலைகுனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லோரும் போனபிறகு இராசமலர் மெல்ல எழுந்து வந்தார்.

"தம்பி, எல்லாமே அழிஞ்சு போச்சுதோ?"

ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றாத பிரகலாதன் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்கட பேர் எழுதின இடம் மட்டும் நனையேல்லை அக்கா. என்ர கண்ணாலேயே பாத்தனான்."