மூன்று பட்டைகள்

பறவைகள் மிரளக் கூடாது என்று, சதுப்பு நிலச் சரணாலயத்துக்குள் நுழைகிற எல்லோர் கழுத்திலும் காவலர் ஒரு பட்டை மாட்டிவிடுவார். அதைக் கழற்றும்வரை யாருக்கும் குரல் எழும்பாது.

மார்கழிப் பனியில் பூங்கோதையும் கணவரும் பைனாகுலரை மாற்றி மாற்றி வாங்கிப் பூநாரைகளைப் பார்த்தபடி நடந்தார்கள். ஓயாமல் தொணதொணக்கும் ஐந்து வயது மகள் மிருதுளா பின்னால் வந்தாள். இன்று சத்தமே இல்லை. பூங்கோதைக்கு அது சொர்க்கமாக இருந்தது.

திரும்பி வந்ததும் வாசலில் காவலர் பட்டைகளைக் கழற்றினார்.

“மூணு குடுத்தேனே, இன்னொரு பட்டை எங்கம்மா?”

பூங்கோதை திரும்பிப் பார்த்தாள். தூரத்தில், சேற்றோரம் ஒரு சின்னச் செருப்பு கிடந்தது.

“மிருதுளா!”

அவள் அலறலில் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறந்தது.

“கத்தாதீங்கம்மா, எல்லாம் கலைஞ்சு போவுது பாருங்க” என்ற காவலர், பட்டையை மறுபடி அவள் கழுத்தில் மாட்டினார்.