கோமகனுக்குக் கஞ்சி

கஞ்சிக் கிண்ணம் கோமகனின் கூடாரத்துக்குள் போயிற்று. சமையல்காரன் வோல்மார் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றான்.

வெள்ளிக்கிழமை அவன் வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்ட பிறகுதான் கோமகன் டீட்மார் படுக்கையில் விழுந்தார். அதே குழம்பைச் சாப்பிட்ட மற்றவர்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். அதை யார் கேட்கிறார்கள்? கோமகனுக்கு ஏதாவது ஆனால் சமையல்காரனுக்குத் தூக்குக் கயிறு என்று தளபதி சொல்லிவிட்டார்.

எருசலேம் இன்னும் எத்தனையோ மலைக்கு அப்பால். இந்தப் பாழாய்ப்போன வெயிலில் தொங்குவதற்கா தோளில் சிலுவையைத் தைத்துக்கொண்டு சிலுவைப் போருக்குக் கிளம்பினான்?

"என்ன வோல்மாரு, கழுத்தைக் கழுவி வச்சிருக்கியா?" காவல்காரன் பல்லைக் காட்டினான்.

கிண்ணம் திரும்பி வந்தது. காலி! நேற்றும் இப்படித்தான், வழித்து நக்கியதுபோல். வோல்மாருக்கு அழுகையே வந்துவிட்டது. வயிறாரச் சாப்பிடுகிறவர் பிழைத்துக்கொள்வார்.

பின்னாலேயே கோமகனின் அந்தரங்க ஊழியர் கெர்லாக் வந்தார்.

"இருக்கறதுலயே பெரிய கொப்பரைய அடுப்புல ஏத்து. ஒரு பீப்பாய் திராட்சை மது ஊத்து. உப்பு போடாதே."

"விருந்துங்களா ஐயா? எத்தனை பேருக்கு?"

கெர்லாக் அவன் காதருகே குனிந்தார். "ரெண்டு நாளா உன் கஞ்சியக் குடிச்சது நான்தான். அந்த மீன் குழம்பையும் தின்னேன். எனக்கு ஒண்ணும் ஆகல, அதனால உன் மேல பழி இல்ல. ஆனா வெளிய மூச்சு விட்டே, தொலைஞ்சோம். விஷயம் தெரிஞ்சா படையில பாதிப்பேர் இன்னிக்கே கப்பலேறிடுவானுங்க."

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அந்த நினைப்பு முதலில் வந்ததற்காக வோல்மார் கூசிப்போனான். கோமகனுக்கு அரும்பு மீசை முளைத்த நாளிலிருந்து ஆக்கிப் போட்டவன் அவன்.

பிறகுதான் கொப்பரை எதற்கென்று உறைத்தது. தூர தேசத்தில் சாகும் பிரபுவை மதுவில் கொதிக்கவைத்து, சதையை அங்கேயே புதைத்துவிட்டு, எலும்பை மட்டும் ஊருக்குக் கொண்டுபோவார்கள்.

அடுப்பைச் சுற்றித் திரை கட்டினார்கள். போர்வையில் சுற்றி எடுத்து வந்தார்கள். வோல்மார் கண்ணை மூடிக்கொண்டு கிளறினான்.

மது வாசனை காற்றில் பரவியது. திரைக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. கிண்ணங்களைத் தட்டிக்கொண்டே கத்தினார்கள்.

"கோமகன் எழுந்துட்டாராம்டா! விருந்தாம்டா! அடேய் வோல்மாரு, எங்களுக்கும் ஊத்துடா!"

ஒரு கை திரையை விலக்கியது.

வோல்மார் அகப்பையோடு ஓடிப்போய்க் குறுக்கே நின்றான்.

"இன்னும் வேகலைப்பா," என்றான்.